அழுக்குத் தெரியாத நிறம்

எனக்குத் தங்கை மேல் பொறாமை. யாரிடமும் இதைச் சொன்னதில்லை. அந்தப் பொறாமைக்கும் அவளுக்கும் ஒரே வயது, முப்பத்தொன்று. இத்தனை காலம் அதை அடக்கி ஒடுக்கி வைத்திருந்தேன். கடைசியில் ஒரு கணினிப் பெட்டியின் நிறத்தில் வந்து அது வெடிக்கும் என்று நான் நினைக்கவில்லை.

மாசாய் பக்கம் ஒரு தாமான் குடியிருப்பில் அம்மா, தங்கை, நான் மூன்று பேரும் ஒரே வீட்டில் இருந்தோம். நான் வீட்டில் இருந்தபடியே கல்யாணப் பத்திரிகை, பிறந்தநாள் பேனர், கோயில் திருவிழா நோட்டீஸ் எல்லாம் வடிவமைத்துக் கொடுக்கிறேன். பொந்தியானிலிருந்தும் ஆயர் ஈத்தாமிலிருந்தும்கூட ஆள் வரும். தங்கைக்கு சிங்கப்பூரில் தொழிற்சாலை வேலை. விடியும் முன்னே மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு சிங்கப்பூருக்குப் போகும் பாலத்து நெரிசலுக்குள் போனால், சாயந்தரம் முகமெல்லாம் புகையாக வந்து சேருவாள்.

என் கணினி கறுப்பு. எட்டு வருடத்துக்கு முன் நானே சம்பாதித்து வாங்கியது. கடையில் அதே விலைக்குச் சாம்பலும் வெள்ளையும் கலந்த ஒன்று இருந்தது, என் கண் அதில்தான் போய் நின்றது. கூட வந்த அம்மா சொன்னார்: "கறுப்பையே எடு. அழுக்குத் தெரியாது."

இந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டுத்தான் நான் வளர்ந்தேன். எனக்குப் பள்ளிக்கூடப் பை கருநீலம், தீபாவளிச் சட்டை அரக்கு, செருப்பு காப்பிக்கொட்டை நிறம். தங்கைக்கு வெள்ளையில் லேஸ் வைத்த கவுன், ரோஸ் நிற ஷூ. ஏன் என்று ஒருமுறை கேட்டுவிட்டேன். "அவ சின்னவ, ஆசைப்படுறா. நீ அடுப்படியில நிக்கிறவ" என்றார் அம்மா. நான் ஆசைப்படவில்லை என்று யார் சொன்னது? இன்று ஊரில் இருக்கிற கல்யாணப் பெண்களுக்கெல்லாம் எந்தச் சிவப்பு எடுப்பாக இருக்கும் என்று சொல்கிறவள் நான். எனக்கென்று ஒரு நிறத்தை நானாக எடுத்த ஞாபகம் இல்லை.

வேடிக்கை என்னவென்றால், கறுப்பில்தான் தூசி அதிகம் தெரியும். ஒரு நாள் விட்டால் போதும், மாவு தூவின மாதிரி நிற்கும். அதனால் தினமும் இருட்டோடு எழுந்து, வேலைக்கு உட்காரும் முன் பழைய பனியன் துணியால் பெட்டியைத் துடைத்துவிடுவேன். துடைத்துத் துடைத்து வைத்ததால் அம்மாவுக்கு அது எப்போதும் பளிச்சென்றே இருந்தது. கறுப்பில் அழுக்குத் தெரியாது என்ற அவருடைய நம்பிக்கையை எட்டு வருடம் காப்பாற்றியது என் பனியன் துணிதான்.

போன வருடம் தங்கை தனக்கொரு கணினி வாங்கினாள். வேலை முடிந்து ஏதோ படிப்பு படிக்கப் போகிறாளாம், கூடவே விளையாட்டும். கடைக்காரர்கள் இரண்டு பேர் தூக்கிக்கொண்டு வந்து இறக்கினார்கள். முழு வெள்ளை. ஒரு பக்கம் கண்ணாடி, உள்ளே மூன்று விசிறி, அவற்றைச் சுற்றி நீலமும் ஊதாவும் பச்சையுமாக மாறி மாறி எரியும் விளக்கு. அம்மா கன்னத்தில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

"அம்மாடி, எவ்ளோ லட்சணமா இருக்கு!"

"வெள்ளையா? ரெண்டே நாள்ல பழுப்பாயிடும்" என்றேன்.

"துடைச்சுக்கலாம்கா" என்றாள் தங்கை.

"லைட்டு எதுக்கு? தைப்பூச ரதமா இது?"

"வேலை செய்ற சாமான் அழகா இருந்தா என்ன தப்பு? ராத்திரி களைச்சுப் போய் வந்து உக்காரும்போது மனசுக்கு நல்லா இருக்கும்லா."

நான் விடவில்லை. பக்கத்தில் கலர் விளக்கு எரிந்தால் என் திரையில் நிறம் சரியாகத் தெரியாது, பத்திரிகை வேறு ஒரு நிறத்தில் அச்சாகி வந்து நிற்கும், வேலை செய்கிறவர்களுக்குக் கறுப்புதான் சரி என்று அடுக்கினேன். அதில் பாதி உண்மைகூட. ஆனால் அவள் வீட்டில் இல்லாத பகலில் அந்த விளக்குகள் எரிவதே இல்லை என்பது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். அவள் சிரித்துக்கொண்டு, "சரிக்கா, நீ வேலை செய்யும்போது அணைச்சுடுறேன்" என்றாள். அவள் சண்டை போட்டிருந்தால் எனக்கு ஆறியிருக்கும்.

கூடத்தில் இருந்தது ஒரே நீள மேசை. இரண்டு திரை வைக்கலாம், இரண்டு பெட்டி வைக்க இடமில்லை. யோசிக்கக்கூட இல்லாமல் அம்மா சொன்னார்: "உன்னோடத கீழ வச்சிரு. கறுப்புதானே, தூசி தெரியாது."

வைத்தேன். மேசைக்கு அடியில், கால் படுகிற இடத்தில். அதற்குப் பிறகு பத்திரிகை அடிக்க வந்த ஜோடிகள் எல்லாம் மேசையைப் பார்த்து, "வாவ், இதுலதான் டிசைன் பண்றீங்களா?" என்று கேட்டார்கள். இல்லை, கீழே இருப்பதில் என்று ஒவ்வொருவருக்கும் குனிந்து காட்ட வேண்டியிருந்தது. பெக்கோக்கிலிருந்து வந்த ஒரு பெண் கண்ணாடி வழியே எட்டிப் பார்த்து, தன் பத்திரிகைக்கும் இதே வெள்ளை வேண்டும் என்று கேட்டாள். வெள்ளையே போட்டுக் கொடுத்தேன்.

ஆயுத பூஜை வந்தது. எங்கள் வீட்டில் அன்று சோறு போடும் சாமான் எல்லாவற்றுக்கும் பொட்டு உண்டு. அம்மாவின் தையல் இயந்திரம், அரிவாள்மனை, தங்கையின் மோட்டார் சைக்கிள், என் கணினி எல்லாவற்றுக்கும் வைப்போம். பொட்டு வைப்பது எப்போதும் என் வேலை. சந்தனத்தோடு மஞ்சளைக் குழைத்து வட்டமாக வைத்து, நடுவில் குங்குமம். வைத்ததை அன்று யாரும் தொடக்கூடாது. மறுநாள் விஜயதசமிக் காலையில் விளக்கேற்றிக் கும்பிட்ட பிறகுதான் துடைப்போம்.

முதலில் என் கறுப்புப் பெட்டிக்கு வைத்தேன். பிறகு வெள்ளைக்கு வந்தேன். மஞ்சள் என்ன செய்யும் என்று தெரியாத பெண் உண்டா? கறி வைத்த வெள்ளை பிளாஸ்டிக் டப்பாவை எத்தனை முறை தேய்த்திருப்பேன். பக்கத்துக் கண்ணாடியில் வைத்திருக்கலாம், ஈரத் துணி பட்டதும் போய்விடும். நான் கண்ணாடியில் வைக்கவில்லை. முன்பக்கத்து வெள்ளை பிளாஸ்டிக் மூடியில், நட்ட நடுவில் வைத்தேன். மஞ்சளையும் அன்றைக்குக் கொஞ்சம் தாராளமாகவே குழைத்திருந்தேன்.

சாயந்தரம் வேலை முடிந்து வந்த தங்கை அதைப் பார்த்து, "அலமாக், எவ்ளோ பெரிய பொட்டு!" என்று சிரித்தாள். பிறகு, "காலையில நான் சீக்கிரம் போயிடுவேன்கா, நீயே துடைச்சிடுறியா?" என்று கேட்டாள்.

"ம்" என்றேன்.

மறுநாள் கும்பிட்டு முடித்ததும் பனியன் துணியை நனைத்து எடுத்து வந்தேன். மேசைக்கு அடியில் குனிந்து என் பெட்டியைத் துடைத்தேன். விளிம்பு, மூலை, பின்பக்கக் காற்றுத் துளை எல்லாம் துடைத்தேன். நிமிர்ந்தபோது வெள்ளைப் பெட்டி என் முகத்துக்கு நேரே இருந்தது. துணி கையில் ஈரமாகவே இருந்தது. அதைக் கொண்டுபோய்க் கொடியில் போட்டுவிட்டேன்.

அன்றும் துடைக்கவில்லை, அடுத்த நாளும் துடைக்கவில்லை. தங்கையும் ஒன்றும் கேட்கவில்லை. மூன்றாம் நாள் அம்மாதான் பார்த்துவிட்டு, "என்னடி இது, காய்ஞ்சு போய்க் கிடக்கு?" என்றார். அவசர அவசரமாகத் துடைத்தேன். சந்தனம் உதிர்ந்தது. மஞ்சள் போகவில்லை. வட்டமாக, நடுவில் இளஞ்சிவப்பாக, பிளாஸ்டிக்குக்குள்ளேயே இறங்கியிருந்தது. பற்பசை போட்டேன், எலுமிச்சம்பழம் தேய்த்தேன், அம்மா பார்க்கும்படி மூச்சு வாங்கத் தேய்த்தேன்.

தங்கை வந்து பார்த்தாள். விரலால் ஒருமுறை தடவினாள். "பரவால்லக்கா. சாமிக்கு வச்சதுதானே" என்றாள்.

எனக்குச் சந்தோஷமாக இருந்ததா என்றால், இருந்தது. இரண்டு வாரம் இருந்தது. அதன் பிறகு பத்திரிகை அடிக்க வருகிறவர்கள் அந்தக் கறையைக் காட்டி என்னவென்று கேட்கும்போதெல்லாம் எனக்குத்தான் காது சூடானது.

இந்த வருடம் தங்கைக்குக் கல்யாணம் ஆனது. மாப்பிள்ளைக்கும் சிங்கப்பூரில் வேலை, அங்கேயே ஓர் அறை எடுத்துவிட்டார்கள். பத்திரிகை நான்தான் வடிவமைத்தேன். சாமான் கட்டுகிற அன்று லோரி வாசலில் நின்றது. அவள் கணினியை மட்டும் மேசையில் விட்டுவிட்டாள்.

"அங்க வைக்க இடமில்ல. நீ வச்சுக்கோக்கா."

"எனக்கு எதுக்கு? என்னோடது இருக்குல்ல."

"அது பழசாயிடுச்சு. இதுல உனக்கு வேலை சீக்கிரம் ஆகும்." கொஞ்சம் தயங்கினாள். "வெயில்ல ரெண்டு மூணு நாள் வச்சா மஞ்சக் கறை போயிடும்னு நெட்டுல போட்டிருந்தாங்க. முன்னாடி மூடி மட்டும் கழட்டலாம்."

"தெரிஞ்சா அப்பவே செஞ்சிருக்கலாம்ல?"

அம்மா உள்ளே முறுக்கு கட்டிக்கொண்டிருந்தார். அவர் இருந்த பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டுத் தங்கை குரலைத் தாழ்த்தினாள்.

"நீயா வந்து கறைய எடுக்குறியான்னு பார்த்தேன்கா. விஜயதசமி அன்னைக்கு சாயந்தரம் வந்தப்பவே பார்த்தேன். உன்னோடது துடைச்சு இருந்துச்சு, என்னோடதுல பொட்டு அப்படியே இருந்துச்சு. நீ மறந்திருந்தா ரெண்டையும் மறந்திருக்கணும்."

நான் வெள்ளை மூடியில் இருந்த வட்டத்தைக் கட்டைவிரலால் தேய்த்தேன்.

"அம்மா சொல்ற மாதிரி இல்ல, கறுப்புலதான் தூசி தெரியும்" என்றாள். "காலையில நான் ஹெல்மெட் மாட்டும்போது நீ தினம் குனிஞ்சு துடைச்சுட்டு இருப்பே. எத்தனை வருஷமா பார்க்கிறேன். ஒரு நாள்கூட நீ துடைக்காம விட்டதில்ல."

லோரி ஹாரன் அடித்தது. அவள் என் தோளைத் தட்டிவிட்டு ஓடினாள். அம்மாவிடம் அவள் கடைசி வரைக்கும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

நான் துடைப்பதை அந்த வீட்டில் ஒருவராவது பார்க்க வேண்டும் என்று எத்தனை வருடம் ஏங்கியிருக்கிறேன். பார்த்தது அவள். இத்தனையும் தெரிந்து வைத்துக்கொண்டு ஒரு வருடம் என்னோடு ஒரே மேசையில் உட்கார்ந்து, எனக்காக விளக்கையும் அணைத்திருக்கிறாள். என்னால் அப்படி ஒரு நாள் இருக்க முடியுமா? முடியாது. அதற்கும் எனக்கு அவள் மேல் பொறாமைதான்.

மறுநாள் மூடியைக் கழற்றி வாசலில் வெயிலில் வைத்தேன். அம்மா எட்டிப் பார்த்து, "அது எதுக்கு வெயில்ல கிடக்கு?" என்று கேட்டார்.

"நான்தான்மா அதைக் கறையாக்கினேன்" என்றேன். "வேணும்னேதான்."