மீட்டரில் ஏறாத மைல்கள்

வெயிலில் காய்ந்த ரெக்ஸினும் பழைய கிரீஸும் கலந்த ஒரு வாசனை, இரும்புச் சாவியை நாக்கில் வைத்தால் தெரியுமே அந்தக் கசப்போடு, எங்கள் பெரம்பலூர் வீட்டுக் கொட்டகைக்கு வந்து சேர்ந்தது நான் ஆறாம் வகுப்பு முடித்திருந்த கோடை விடுமுறையில்தான். எழுபதுகளின் கடைசி அது. வாசனை ஒரு காருடையது. இரண்டே பேர் உட்காரக்கூடிய, கூரையில்லாத, பச்சை வெளுத்த பழைய ஸ்போர்ட்ஸ் கார். வந்த அன்றே தெருவில் அதற்கு ‘மொட்டைக் காரு’ என்று பெயர் விழுந்துவிட்டது.

கொண்டுவந்தவர் அம்மாவின் தம்பி நடராஜன் மாமா. சாலைத் துறையில் ஓவர்சீயராக இருந்த அவர் எங்களோடுதான் குடியிருந்தார். அரியலூரில் சுண்ணாம்புக்கல் சுரங்கத்து எஞ்சினியர் ஒருவர் ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்தபடியே மாரடைப்பில் இறந்து இரண்டு வருடமாகியிருந்தது. அவருடைய கார் வீட்டின் பின்புறம், சக்கரங்கள் இல்லாமல் செங்கல் அடுக்கின் மேல் நின்றுகொண்டிருந்தது. மாமா போய்க் கேட்டபோது அந்த வீட்டம்மா விலைகூடப் பேசவில்லையாம். “எடுத்துட்டுப் போயிட்டீங்கன்னாப் போதும்” என்று மட்டும் சொன்னாராம்.

ஒரு மாதத்தில் எஞ்சின் ஓடத் தொடங்கியது. கதவின் வெளிக் கைப்பிடி உடைந்திருந்ததால், கதவுக்கு உள்ளே கைவிட்டு ஒரு கம்பியைப் பக்கவாட்டில் இழுத்தால்தான் அது திறக்கும் என்பதைக் கண்டுபிடிக்கவே மாமாவுக்கு இரண்டு நாள் ஆனது. ஆனால் மீட்டரை மட்டும் வழிக்குக் கொண்டுவர முடியவில்லை. பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் இடையில் ஒவ்வொரு மைல்கல்லையும் அளந்து நட்டவர் அவர். அந்தச் சாலை எத்தனை மைல் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்லுவார். மீட்டரோ இரண்டு மைல் கூடுதலாகக் காட்டியது. வேகமுள் அதைவிட மோசம். வண்டியை நிறுத்திச் சாவியை எடுத்த பிறகும் அது நாற்பதில் நிற்கும். பிறகு ஏதோ யோசித்து யோசித்து, மெல்ல இறங்கும். பட்டப்பகலில், அசையாமல் நிற்கும் காருக்குள் முள் மட்டும் நாற்பதைக் காட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தால், வண்டி நமக்குத் தெரியாத வேறொரு சாலையில் இன்னும் ஓடிக்கொண்டிருப்பது போலிருக்கும். நான் தனியாகக் கொட்டகைப் பக்கம் போவதையே விட்டுவிட்டேன்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் பட்டறை வைத்திருந்த காதர் பாய் மீட்டரைப் பிரித்துப் பார்த்தார். கியர் பாக்ஸிலிருந்து வரும் கேபிள் வழியாக கிரீஸ் ஏறி உள்ளே பிசினாகியிருந்தது. அதனால்தான் முள் ஒட்டிக்கொண்டது. அசல் அளவு டயர் கிடைக்காமல் மாமா சின்ன டயர்களைப் போட்டிருந்தார். சின்ன சக்கரம் அதே தூரத்துக்கு அதிகம் சுற்றும். மீட்டரும் அதிகம் காட்டும். திருச்சியில் வேறு பல் கணக்கில் ஒரு சின்னப் பல்சக்கரம் கடைந்து வாங்கிப் போட்டால் தீர்ந்தது என்றார். எல்லாம் அறிவுக்கு எட்டுகிற காரணங்கள்தான். எனக்கும் பயம் தெளிந்தது. அப்போது அவர் கேபிள் நட்டை விரலில் உருட்டிப் பார்த்துக்கொண்டே மாமாவிடம் சொன்னார்:

“இது தானாத் தேஞ்சதில்ல தம்பி. கழட்டிக் கழட்டி மாட்டியிருக்காங்க. நூறு தடவைக்கு மேல இருக்கும்.”

“எதுக்குங்க பாய் அப்படி?” என்றார் மாமா.

“கேபிளக் கழட்டிட்டா வண்டி ஓடும், மீட்டர் ஓடாது. எங்க போச்சுன்னு யாரும் கணக்குப் பாக்க முடியாதுல்ல.”

திரும்பி வரும் வழியெல்லாம் அந்தக் கார் எங்கே போயிருக்கும் என்பதே என் நினைப்பாக இருந்தது.

புதிய பல்சக்கரம் வந்ததும் சோதித்துப் பார்க்கக் கிளம்பினோம். அரியலூர் சாலையில் சுண்ணாம்புக்கல் லாரிகள் ஓயாமல் போகும் என்பதால் மாமா ஜெயங்கொண்டம் தாண்டி ஆண்டிமடம் போகும் சாலையைத் தேர்ந்தெடுத்தார். அது நீளமாக, நேராக, ஆளில்லாமல் கிடக்கும். வெயிலுக்காக, காரின் பெட்டிக்குள் கிடந்த ஒரு காக்கித் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டார். ஒவ்வொரு கல் வரும்போதும் மீட்டர் எண்ணைப் படித்து நோட்டில் எழுதுவது என் வேலை. எண்ணும் கல்லும் இம்மி பிசகாமல் ஒத்துவந்தன. மாமா சந்தோஷத்தில் விசிலடித்தார்.

முதலில் ரயில்வே கேட்டில் இருந்தவர் எழுந்து சல்யூட் வைத்தார். கார் அருகே போனதும் மாமாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, கை பாதியில் நிற்க, அப்படியே உட்கார்ந்தார். அடுத்து ஒரு தேநீர்க் கடையில் வேகம் குறைந்தபோது, கடைக்காரர் கேட்காமலே காகிதத்தில் பக்கோடா மடித்துக்கொண்டு ஓடிவந்தார். பத்தடி தூரத்தில் நின்றார். பொட்டலத்தை நீட்டவில்லை. சாலையோரம் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு கிழவி எங்களைப் பார்த்ததும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மாமாவின் விசில் நின்றுபோயிருந்தது. நாங்கள் அதுவரை அந்தச் சாலையில் காரில் போனதே கிடையாது.

ஆண்டிமடத்துக்குச் சற்று முன்னால், இருபுறமும் முந்திரித் தோப்பாக இருந்த இடத்தில், எண்ணைச் சரிபார்க்க மாமா வண்டியை நிறுத்தினார். உச்சி வெயில். இலைகூட அசையவில்லை. மரங்களுக்குள்ளிருந்து பச்சைப் பாவாடை கட்டிய ஒரு சிறுமி வந்தாள். ஏழு வயது இருக்கும். எங்கள் முகத்தைப் பார்க்காமல் நேராக என் பக்கக் கதவுக்கு வந்து, உள்ளே கைவிட்டு, அந்தக் கம்பியைப் பிடித்துப் பக்கவாட்டில் இழுத்தாள். கதவு திறந்துகொண்டது.

“இது என் எடம்” என்றாள்.

என் பாவாடை மடியிலிருந்து நோட்டு நழுவி விழுந்தது. பின்னாலேயே ஒரு பெண் ஓடிவந்தாள். முந்திரிக்கொட்டை உடைத்துக் கறுத்துப்போன கைகளைப் புடவையில் துடைத்தபடி, சிரிப்பை அடக்கிக்கொண்டு. மாமா தொப்பியைக் கழற்றினார். அந்தச் சிரிப்பு அப்படியே நின்றது.

“அவரு வரலீங்களா?”

மாமா இறங்கி நின்றார். எஞ்சினியரின் பெயரைச் சொல்லி, அவரைத்தான் கேட்கிறாளா என்றார். அவள் தலையசைத்தாள்.

“அவரு தவறிட்டாருங்க. ரெண்டு வருசமாச்சு. ஒங்களுக்கு யாரும் சொல்லலீங்களா?” என்றார் மாமா.

அவள் அழவில்லை. வண்டியின் முன்பக்கத் தகட்டைத் தொட்டாள்; சுட்டிருக்க வேண்டும், ஆனாலும் கையை எடுக்கவில்லை. “கோவிச்சுக்கிட்டு வராம இருக்காருன்னுல்ல நெனச்சேன்” என்றாள். “ரெண்டு வருசமா வாயில வந்ததெல்லாம் சொல்லித் திட்டிக்கிட்டே இருந்தேனே.” பிறகு சிறுமியைக் காட்டினாள். “இவ மட்டும் தெனமும் மத்தியானத்துல வண்டிச் சத்தம் கேக்குதும்பா. ரோட்டுக்கு ஓடியாருவா. நேத்துகூட ஓடியாந்தா.”

நேற்று அந்தக் கார் எங்கள் கொட்டகையில் நின்றது. அதற்கு முந்தைய இரண்டு வருடமும் செங்கல் மேல் நின்றது. மாமா என்னைப் பார்த்தார். நான் மாமாவைப் பார்த்தேன்.

திரும்பும்போது மீட்டரைப் படிக்கச் சொல்லி மாமா கேட்கவில்லை. எஞ்சினியர் வீட்டம்மாவிடம் இதைச் சொல்வதா வேண்டாமா என்று அம்மாவோடு ஒரு வாரம் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார். “செத்தவரு மறச்சத நீ ஏன்டா தொறக்குற?” என்றாள் அம்மா. சொல்லக் கூடாது என்று முடிவாயிற்று.

வண்டிப் புத்தகத்தில் கையெழுத்து வாங்க மாமா அரியலூருக்குப் போனபோது நானும் போனேன். அந்த அம்மா எங்களுக்கு மோர் கொடுத்துவிட்டு, கையெழுத்துப் போட்டுக்கொண்டே கேட்டார்:

“மீட்டர் சரியாயிடுச்சா தம்பி?”

“ஆயிடுச்சுங்க.”

“மொத்தம் எவ்வளவு காட்டுது?”

மாமா சொன்னார். அந்த அம்மா பேனாவை மூடினார்.

“அதுக்கு மேல ஓடியிருக்கு. நான் தெனமும் அந்த நம்பரப் பாத்து எழுதி வெப்பேன். சனிக்கிழமையானா வண்டி பூரா செம்மண்ணு ஒட்டியிருக்கும், நம்பரு மட்டும் நகந்திருக்காது.” தெருப் பக்கம் திரும்பிக் கேட்டார்: “அந்தப் புள்ளைக்கு இப்ப என்ன வயசிருக்கும்?”

நான்தான், “ஏழு இருக்கும்” என்றேன்.

அவர் எழுந்து உள்ளே போனார். ஒரு புகைப்படத்தைச் செய்தித்தாளில் சுற்றி எடுத்து வந்தார். “அதுங்ககிட்ட அவரு படம் இருக்காது. குடுத்துருங்க. யாரு குடுத்தான்னு சொல்ல வேண்டாம்.”

கொடுத்தோம். அந்தப் பெண் படத்தை நெஞ்சோடு வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். சிறுமி எட்டிப் பார்த்து, “இது யாரும்மா?” என்றாள். காரின் கதவு திறக்கும் விதத்தை மறக்காத குழந்தைக்கு முகம் மறந்திருந்தது. மாமா அவளை வண்டியில் ஏற்றி அடுத்த கல் வரைக்கும் ஒரு சுற்று போய் வந்தார். நான் தோப்பு ஓரத்தில் நின்று சத்தம் தேய்ந்து மறைவதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். கார் கண்ணுக்குத் தெரியாமல் போய், மாமா அங்கே எஞ்சினை அணைத்ததாகப் பிற்பாடு சொன்ன நேரத்திலும், எனக்கு அது கேட்டுக்கொண்டேதான் இருந்தது. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

மாமா அடுத்த வருடமே காரைத் திருச்சிக்காரர் ஒருவருக்குக் கொடுத்துவிட்டார். மாமாவும் இன்று இல்லை. அரியலூர் அம்மாவும் இல்லை. மாமா நட்ட கற்களைச் சாலையை அகலப்படுத்தியவர்கள் பிடுங்கிப் போட்டுவிட்டு, பச்சைப் பலகைகள் வைத்துவிட்டார்கள். தோப்பில் பாதி வெட்டப்பட்டு மனைகளாகியிருக்கிறது. சென்ற வருடம் ஒரு கல்யாணத்துக்குப் போனவள் அங்கே பஸ்ஸை விட்டு இறங்கி விசாரித்தேன். அப்படி ஒரு தாயும் மகளும் இருந்தது கடை வைத்திருந்த ஒரு வயதான அம்மாவுக்கு மட்டும் நினைவிருந்தது. திருப்பூர்ப் பக்கம் பிழைக்கப் போனவர்கள் திரும்பவில்லை என்றாள். பிறகு என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “நீங்க அவங்களுக்கு என்ன ஒறவு?” என்று கேட்டாள்.

அடுத்த பஸ் வரும்வரை அவள் கடை வாசலிலேயே நின்றுகொண்டிருந்தேன்.