எட்டு ஐந்துக்கு எரிந்த சிவப்பு விளக்கு

இது கதை இல்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடுராத்திரி, நாய் ஊளை, கொலுசுச் சத்தம் என்று எதிர்பார்த்து வந்திருந்தால் இப்போதே எழுந்து போய்விடலாம். இது பட்டப்பகலில், மதியம் ஒன்று இருபதுக்கு நடந்தது. நடந்தது ஃப்யூஸுக்கு. அவன் இன்னும் உயிரோடுதான் இருக்கிறான். என் எதிரில் உட்கார்ந்து மூன்று தடவை சொன்னான். மூன்று தடவையும் ஒரு சொல் மாறவில்லை. கடைசிப் பகுதிக்கு மட்டும் அவன் சாட்சி வேண்டாம். அதற்கு நானே சாட்சி.

ஃப்யூஸ் என்பது பட்டப்பெயர். ஆள் கார் எலக்ட்ரீஷியன். பழைய ஜப்பான் கார்களை இறக்கி விற்கும் ஒரு யார்டில் பதினோரு வருஷம் வேலை பார்த்தான். எல்லாம் ஒரே கம்பெனி வண்டிகள். யார்டு முதலாளிக்கு அந்தக் கம்பெனியின் சரித்திரம் தலைகீழ்ப் பாடம். வாங்க வருகிறவரை உட்கார வைத்து ஆரம்பித்துவிடுவார்.

"இவங்க முதல்ல கார் செய்யலை சார். தறி செஞ்சாங்க. நூல் ஒண்ணு அறுந்தாப் போதும், தறி தானா நின்னுடும். கெட்ட துணி ஒரு முழம்கூட வெளிய வராது. அந்த மூளையைத்தான் காருக்குள்ள வெச்சிருக்கான். தப்புன்னா வண்டியே உங்களுக்குச் சொல்லிடும்."

கேட்கிறவர் சொக்கிப் போவார். நானும் சொக்கித்தான் ஒன்று வாங்கினேன். குறை சொல்ல முடியாது, நல்ல வண்டி. சாவியைத் திருப்பினால் உள்ளே ஒரு ஜப்பான்காரி மரியாதையாக ஏதோ சொல்வாள். எங்களில் ஒருவருக்கும் அது புரிந்ததில்லை. வீட்டில் பேசுவதே எனக்குப் பாதிதான் புரியும் என்பதால் நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். தப்பு என்றால் வண்டியே சொல்லும் என்றார் இல்லையா? அதன் வாயைக் கட்டுவதுதான் ஃப்யூஸின் வேலை.

அடிபட்ட வண்டிகளை மலிவாக இறக்குவார்கள். அவற்றில் ஏர்பேக் ஏற்கனவே வெடித்துப் போயிருக்கும். புதுசு போடக் கட்டுப்படியாகாது. டேஷ்போர்டை ஒட்டி, பாலிஷ் போட்டு, வெறும் மூடியை மாட்டிவிடுவார்கள். ஆனால் ஏர்பேக் இல்லையென்றால் ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருக்கும் மீட்டரில் ஒரு சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். அதைப் பிடுங்கவும் முடியாது. சாவி போட்டதும் அது எரிந்து அணைய வேண்டும், விவரம் தெரிந்தவர்கள் அதைப் பார்ப்பார்கள். ஆகவே ஃப்யூஸ் அந்த விளக்கை எஞ்சின் ஆயிலுக்கான எச்சரிக்கை விளக்கோடு ஒரு துண்டு ஒயரால் இணைத்துவிடுவான். ஆயில் விளக்கு எரிந்தால் இதுவும் எரியும், அது அணைந்தால் இதுவும் அணையும். மேலே பச்சை டேப் சுற்றுவான். பச்சை டேப் அவன் மட்டும்தான் வைத்திருந்தான்.

மீட்டர் மட்டும் தனியாக அவன் மேஜைக்கு வரும். முடித்துக் கொடுத்தால் போய்விடும். மற்ற யார்டுகளுக்கும் போகும். எந்த வண்டிக்கு என்று கேட்கக் கூடாது. அவனும் கேட்டதில்லை. கேட்காமல் இருந்ததால்தான் அவனுக்குத் தூக்கம் வந்தது.

அந்த வரிசையில் ஒரு வெள்ளைக் காரை ஒரு டீச்சரம்மா வாங்கினார். மூக்குக் கண்ணாடி, கழுத்தில் பள்ளிக்கூட அட்டை, ரொம்ப நிதானமான பேச்சு. நாலு மாசத்தில் திரும்பி வந்தார்.

"தம்பி, ஒரு சிவப்பு விளக்கு சில நேரம் அணைய மாட்டேங்குது."

ஒயர் கொஞ்சம் விட்டிருந்தது. சூடு வைத்து ஒட்டினான். "ஒண்ணும் இல்லை டீச்சர். சென்சார் பழசு."

அடுத்த மாசம் மறுபடியும் வந்தார். இந்தத் தடவை கேள்வியே வேறு.

"புத்தகத்துல பார்த்தேன். அது ஏர்பேக் விளக்காமே. ஏர்பேக் இருக்குதுல்ல?"

ஃப்யூஸ் முதலாளியைப் பார்த்தான். முதலாளி பேப்பரில் இருந்து தலையைத் தூக்கவில்லை. அதுவே பதில்.

"இருக்கு டீச்சர்."

"சரி தம்பி. நீங்க சொன்னா சரி."

இந்தக் கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போதுதான் ஒவ்வொரு தடவையும் ஃப்யூஸ் என் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்தான்.

இனி அந்த வியாழக்கிழமை.

காலையில் இருந்து மழை. கரண்ட் இல்லை. மதியம் ஒன்று பத்துக்கு முதலாளி சாப்பிடப் போனார். தகரம் தட்டும் டிங்கரும் பெயிண்டரும் பின்னாடியே போனார்கள். ஃப்யூஸ் மேஜையில் தனியாக ஒரு மீட்டரைப் பிரித்துக்கொண்டிருந்தான். தகரக் கூரையில் மழைச் சத்தம் மட்டும்.

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். ஒன்று இருபது. தலையைத் திருப்பினான்.

ஷெட்டுக்குள் வெள்ளைக் கார் நின்றது.

எப்போது வந்தது? எஞ்சின் சத்தம் கேட்கவில்லை. கேட் திறந்த சத்தமும் கேட்கவில்லை. உள்ளே டீச்சர் இருந்தார். இரண்டு கையும் ஸ்டியரிங்கில். நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன டீச்சர், மறுபடியும் லைட்டா?"

தலையை மட்டும் ஆட்டினார். இறங்கவில்லை.

கிட்டே போனான். போகும்போதே ஏதோ உறுத்தியது. வெளியே மழை கொட்டுகிறது... கார் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. டயர் காய்ந்து கிடந்தது. பானட்டில் கை வைத்தான். ஜில்லென்று இருந்தது.

அவர் புடவையில் தோளில் இருந்து இடுப்பு வரை குறுக்கே ஒரு கறுப்புத் தடம். பெல்ட் தடம். ஆனால் பெல்ட் போட்டிருக்கவில்லை.

குனிந்து சாவியைத் திருப்பினான். ஜப்பான்காரி பேசவில்லை. எஞ்சினும் முனகவில்லை. சிவப்பு விளக்கு மட்டும் எரிந்தது.

மணி ஒன்று இருபத்தேழு. மீட்டரைக் கழற்றினான். அவனுடைய பச்சை டேப் இருந்தது. ஒயரை வெட்டினான்.

விளக்கு அணையவில்லை.

பேட்டரியைக் கழற்றினான். அணையவில்லை.

பல்பையே உருவி எடுத்தான். உள்ளங்கையில் வைத்தான்.

பல்பு... கையில் எரிந்தது.

"தம்பி." குரல் காதுக்குப் பக்கத்தில் கேட்டது. "ஏர்பேக் இருக்குதுல்ல?"

அவனால் நிமிர முடியவில்லை. கழுத்து பிடித்துக்கொண்டது. பதினோரு வருஷமாகச் சொல்லாததை அந்தப் பல்பைப் பார்த்தபடியே சொன்னான்.

"இல்லை டீச்சர்... நான்தான் பண்ணேன்."

"வேற யாருக்கெல்லாம் பண்ணீங்க?"

"தெரியாது."

"வரச் சொல்றேன்," என்றார். "ஒவ்வொருத்தரா கேப்பாங்க."

பல்பு அணைந்தது.

நிமிர்ந்தான். ஷெட் காலி. சிமென்ட் தரையில் டயர்த் தடம்கூட இல்லை. மணி ஒன்று முப்பத்தொன்று. பல்பு மட்டும் கையில் இருந்தது, சூடாக.

முதலாளி வந்ததும், "டீச்சர் வந்துட்டுப் போனாங்க" என்றான். ஏப்பம் விட வாயைத் திறந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"எந்த டீச்சர்டா?"

சொன்னான். முதலாளி ஸ்டூலில் உட்கார்ந்தார். பிறகுதான் விஷயத்தைச் சொன்னார். டீச்சர் செவ்வாய்க்கிழமை காலை எட்டு ஐந்துக்கு, பள்ளிக்கூடத்துக்குப் போகும் வழியில், ஒரு தூணில் மோதிச் செத்துப் போயிருந்தார். பெல்ட் போட்டிருந்தார். அது போதவில்லை. நொறுங்கிய வண்டியை யாராவது பிரித்துப் பார்த்துவிடுவார்கள் என்ற பயத்தில் முதலாளியே ஆள் வைத்து வாங்கி, புதன்கிழமை பின்பக்கம் தார்ப்பாய்க்கு அடியில் போட்டிருந்தார். ஃப்யூஸிடம் மூச்சு விடவில்லை.

இரண்டு பேரும் போய்த் தார்ப்பாயைத் தூக்கினார்கள். ஸ்டியரிங் சீட்டைத் தொட்டுக்கொண்டிருந்தது. மீட்டர் வெளியே தொங்கியது. பச்சை டேப் ஒயர் வெட்டியிருந்தது.

சிவப்பு விளக்கு இருக்க வேண்டிய இடத்தில் ஓட்டை. பல்பு இல்லை.

இதைப் பார்த்த மனுஷன் என்ன செய்வான்? வேலையை விட்டு ஓடுவான், இல்லை போலீசுக்குப் போவான் என்றுதானே நினைப்பீர்கள்? ஃப்யூஸ் வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொண்டான். முதலாளி சொல்லி அனுப்பியிருந்தார்: "மூணு நாளா போன் மேல போன். எல்லாருக்கும் அந்த லைட்டு எரியுதாம். நாளைக்குக் காலையில வரச் சொல்லியிருக்கேன். ஒண்ணும் இல்லைன்னு சொல்லி அனுப்பு. வெளிய தெரிஞ்சா முதல்ல மாட்டறது உன் பச்சை டேப்தான்."

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணி. யார்டு வாசலில் பதினேழு கார்கள். அதில் ஒன்று என்னுடையது. என் விளக்கு செவ்வாய்க்கிழமை காலையில் எரிய ஆரம்பித்தது. கடைக்குப் போகிற வழியில், கடிகாரம் எட்டு ஐந்து காட்டியபோது. வரிசையில் மற்றவர்களிடம் பேச்சுக் கொடுத்தேன். எல்லாருக்கும் செவ்வாய்க்கிழமை. எல்லாருக்கும் எட்டு ஐந்து. ஏதோ கம்பெனிக் கோளாறு என்று சிரித்துக்கொண்டோம்.

நான் ஆறாவது ஆள். எனக்கு முன்னால் போன ஐந்து பேருக்கும் ஃப்யூஸ் ஒரே பதில்தான் சொன்னான். என் முறை வந்தது. அவன் முகம் வெளிறியிருந்தது. முதலாளி பின்னால் நின்று அவன் தோளில் கை போட்டிருந்தார்.

"ஒண்ணும் இல்லை சார்," என்றான். "சென்சார் பழசு."

எனக்குப் பின்னால் ஏழாவதாக ஒரு பெண். முன்சீட்டில் ஆறு வயதுப் பையன். அவள் ஃப்யூஸின் கூடப்பிறந்த தங்கச்சி. அவள் புருஷன் வேறொரு யார்டில் வாங்கின வண்டி அது. அங்கே கேட்டதற்கு, மீட்டர் இங்கே இருந்துதான் வந்தது என்று அனுப்பிவிட்டார்கள். அண்ணன் இங்கே இருக்கிறான் என்ற தைரியத்தில் சிரித்துக்கொண்டே வந்திருந்தாள்.

"என்னண்ணா லைட்டு இது? ஏர்பேக் இருக்குதுல்ல?"

ஃப்யூஸ் கிட்டே வந்தான். குனிந்து மீட்டரின் பின்னால் கை விட்டான். அங்கேயே நின்றுவிட்டான். விரலுக்குத் தட்டுப்பட்டது தன் டேப்தான் என்று தெரிந்துகொள்ள அவன் பார்க்க வேண்டியிருக்கவில்லை. முதலாளியின் கை தோளை அழுத்தியது. அவன் அதைத் தட்டிவிட்டான்.

"இல்லைம்மா," என்றான். "உன் வண்டியில ஏர்பேக் இல்லை. யார் வண்டியிலயும் இல்லை. நான்தான் பண்ணேன்."

அவள் பையனை முன்சீட்டில் இருந்து இறக்கினாள். ரொம்பப் பொறுமையாக இறக்கினாள்.

"எனக்கு முன்னாடி இருந்தவங்ககிட்ட என்னண்ணா சொன்னே?"

அவன் முகம் என் பக்கம் திரும்பியது.

"அவங்க வீட்டுப் பிள்ளைன்னா பரவாயில்லையா?"

அவ்வளவுதான். வண்டியை அங்கேயே விட்டுவிட்டுப் பையனோடு நடந்தே போனாள். அதற்குப் பிறகு இன்றுவரை அவனோடு ஒரு வார்த்தை பேசவில்லை. நாங்கள் கொடுத்த புகாரில் அவன் சிறைக்குப் போய் வந்த பிறகும் பேசவில்லை. முதலாளி ஜாமீனில் வந்து வேறொரு பெயரில் யார்டு வைத்திருக்கிறார். தறிக் கதையை இன்னும் சொல்கிறாராம். முதலில் போன ஐந்து பேரில் நாலு பேரைத் தேடிப் பிடித்து விஷயத்தைச் சொல்லிவிட்டோம். ஐந்தாவது ஆளை இன்னும் காணவில்லை.

கேட்கலாம், எனக்குத்தான் ஒண்ணும் இல்லை என்று சொல்லிவிட்டானே, நான் மட்டும் ஏன் போகாமல் நின்றேன் என்று.

அன்று காலையில் கேட்டருகில் ஒரு அம்மா நின்று எங்களை வரிசைப்படுத்தினார். மூக்குக் கண்ணாடி, கழுத்தில் அட்டை. "நீங்க ஆறு," என்றார் என்னிடம். யார்டு ஆள் என்று நினைத்துக்கொண்டேன். புடவையில் குறுக்கே கறுப்பாக ஒரு தடம் இருந்தது.

"உங்க வேலை முடிஞ்சதும் கிளம்பிடாதீங்க," என்றார். "பின்னாடி வர்ற பொண்ணுக்கு அவர் என்ன சொல்றாருன்னு கேட்டுட்டுப் போங்க."

மூன்று வாரம் கழித்துக் கோர்ட்டில் டீச்சரின் படத்தைக் காட்டினார்கள். நான் வெளியே வந்து சாட்சி சொல்ல வந்திருந்த யார்டு வாட்ச்மேனைப் பிடித்துக் கேட்டேன். அவர் அன்று காலை ஏழு மணியில் இருந்து கேட்டை விட்டு நகரவே இல்லையாம்.

"அங்க ஒருத்தரும் நிக்கலை சார்," என்றார். "நீங்கல்லாம் தானாத்தான் வரிசையா நின்னீங்க."