மேலே லைட் எரியுதா?

லிஃப்ட் கம்பெனியில் எல்லோரும் அவரை ‘வாயாடி மெக்கானிக்’ என்றுதான் கூப்பிட்டார்கள். கையில் ஸ்பானர் இருக்கும்போதும் வாய் ஓயாது. முதுகு மக்கர் செய்ய ஆரம்பித்ததும் அவரை அவசர அழைப்பு அறையில் உட்கார வைத்தார்கள். லிஃப்டில் மாட்டிக்கொண்டவர் பொத்தானை அழுத்தினால் இவர் பேசுவார்.

பிறகு கணினி வந்தது. பழுதைத் தானே கண்டுபிடித்துச் சரிசெய்யும். பதிவு செய்த குரலில் பதிலும் சொல்லும். அதை அமைத்தவர்களில் அவர் மகளும் ஒருத்தி.

“பெத்த பொண்ணே என் நாற்காலிக்கு உலை வச்சுட்டா” என்று ஆபீஸ் முழுக்கச் சொல்லிச் சிரித்தார். வீட்டில் அந்தச் சிரிப்பு இல்லை. மாதக் கடைசியில் அவரை வீட்டுக்கு அனுப்பிவிடுவதாக மேனேஜர் சொல்லியிருந்தார்.

அந்த வாரமே ஓர் அலுவலகக் கட்டடத்தில் லிஃப்ட் இரண்டு மாடிகளுக்கு நடுவில் நின்றது. மகளும் மேனேஜரும் அழைப்பு அறையில்தான் இருந்தார்கள். கணினி உடனே கோளாறைச் சரிசெய்தது. ஆனால் லிஃப்ட் நகரவில்லை. உள்ளே இருந்தவர் கதவை இழுத்துப் பிளந்து பிடித்திருந்தார். கதவு திறந்திருந்தால் லிஃப்ட் ஓடக் கூடாது. மகள் எழுதிய விதி, சரியான விதி. “தயவுசெய்து அமைதியாக இருங்கள்” என்றது பதிவுக் குரல். சொல்லச் சொல்ல அவர் இன்னும் பலமாக இழுத்தார். அந்த இடுக்கு வழியே இறங்கினால், கீழே வெறும் குழி.

மகள் குரலை நிறுத்தினாள். “அப்பா, நீங்க பேசுங்க.”

“சார், ஒரு சின்ன உதவி” என்றார் அவர். “இங்கேருந்து எனக்கு ஒண்ணும் தெரியல. மேலே லைட் எரியுதா?”

“யோவ், நான் சாகக் கெடக்கிறேன், லைட்டைக் கேக்குறியா?”

“எரியலைன்னா எனக்குத்தான் சார் திட்டு. மேனேஜர் பக்கத்துலயே நிக்கிறாரு. மூஞ்சியைப் பாக்கச் சகிக்கல.”

மூச்சு வாங்கும் சத்தம். “எரியுது.”

“அப்பாடா. பட்டன் ஏதாச்சும் உள்ள போய் மாட்டியிருக்கா? கிட்டப் போய், கையால தடவிப் பாத்துச் சொல்லுங்க.”

அவர் கையை எடுத்ததும் கதவு தானே மூடிக்கொண்டது. மகள் விசையைத் தட்டினாள். லிஃப்ட் இறங்கியது.

“சகிக்கலையா?” என்று மட்டும் கேட்டார் மேனேஜர்.

நாற்காலி போகவில்லை. அடுத்த ஆண்டு பக்கத்தில் இன்னும் மூன்று போட்டார்கள். சுலபமானதையெல்லாம் கணினி எடுத்துக்கொள்ள, கஷ்டமான அழைப்புகள் மட்டும் மனிதர்களுக்கு வந்தன. சம்பளமும் உயர்ந்தது. புதிதாக வந்தவர்களிடம் அவர் ஒன்றைத்தான் சொல்வார்: “பயப்படாதீங்கன்னு சொல்லாதீங்க. அவங்களுக்கு ஒரு வேலை குடுங்க.”

போன மாதம் இறந்துபோனார். மாரடைப்பு. முன்னறிவிப்பு எதுவும் இல்லை. மகள் அறையை விட்டு வெளியே வரவில்லை. அழைப்பு அறையில் அவருக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த பெண் போன் செய்தாள். ஆறுதல் எதுவும் சொல்லவில்லை.

“அக்கா, ஒரு சின்ன உதவி. அப்பாவோட ஹெட்செட் ஒரு பக்கம் கேக்கல. வந்து பாக்குறீங்களா?”

அவள் என்ன செய்கிறாள் என்று மகளுக்குப் புரிந்தது. புரிந்தும் அது வேலை செய்தது. எழுந்து, ஸ்க்ரூ டிரைவரைத் தேடினாள்.