ஞாயிறும் திங்களும் கொதித்த தண்ணீர்

எங்கள் வீட்டுத் தண்ணீருக்குக் கிழமை தெரியும் என்று நான் பள்ளிக்கூடத்தில் சொன்னபோது ஒருவரும் நம்பவில்லை. நம்பாவிட்டால் போகட்டும். ஞாயிறு காலையும் திங்கள் காலையும் குளியலறைக் குழாயைத் திறந்தால் கை வெந்துவிடும். திங்களன்று அம்மா ஒரு வாரத்து உடுப்பையும் தோய்த்து முடிக்கத் தொட்டி காலி. பிறகு செவ்வாயிலிருந்து சனி வரைக்கும், யாரோ பாதி குடித்துவிட்டு மறந்து வைத்த தேத்தண்ணி மாதிரித்தான் வரும். அதில் முகம் கழுவலாம். மெல்பேண் குளிரில் குளிக்க முடியாது.

எழுபதுகளின் நடுப்பகுதி அது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து எங்களுக்கு அதுதான் முதல் குளிர்காலம். டண்டினொங்கில் ஒரு பழைய வாடகை வீடு. எனக்கு ஏழு வயது, தங்கச்சிக்கு மூன்று. சுடுதண்ணீர்த் தொட்டி வீட்டுக்குள்ளேயே, படுக்கையறைச் சுவரை ஒட்டிய அலுமாரி ஒன்றுக்குள் நின்றது. அதற்கு இரவில் மட்டும்தான் கறண்ட் வரும். முன்விறாந்தையில் இருந்த மீற்றர்ப் பெட்டிக்குள் ஒரு மணிக்கூடு. இரவு பதினொரு மணிக்கு அது தானாகத் தொட்டிக்குக் கறண்டைத் திறந்து விடும், காலை ஏழு மணிக்கு மூடிவிடும். ஊர் படுத்த பிறகு மிஞ்சும் மலிவுக் கறண்ட். இரவில் சுட்டதை வைத்துக்கொண்டு பகல் முழுவதும் சமாளிக்க வேண்டும்.

இந்தக் கதையெல்லாம் அப்போது வீட்டில் தெரிந்த ஒரே ஆள் அப்பா. அவர் எங்களுக்குச் சொல்லவில்லை. "மலிவுக் கறண்ட்" என்று மட்டும் சொன்னார். நாங்களும் மலிவு என்றால் நல்லதுதானே என்று இருந்துவிட்டோம்.

அப்பா ஊரில் மின்சாரப் பகுதியில் எஞ்சினியர். இங்கே அவருடைய பட்டத்தைப் பார்த்தவர்கள் நல்ல பட்டம் என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார்கள். கடைசியில் தகரப் பேணி செய்யும் பக்ரறி ஒன்றில், மெசின் திருத்தும் எலெக்ற்றீசியனுக்கு உதவியாளாக இரவு வேலை கிடைத்தது. திங்கள் முதல் வெள்ளி வரை இரவு எட்டரைக்குச் சாப்பாட்டுப் பெட்டியோடு போவார். காலை எட்டு மணிக்கு எண்ணெய் மணக்க வருவார். யாராவது என்ன வேலை என்று கேட்டால், "உதவியாள்தான், எண்டாலும் கையில கறண்ட்தானே" என்பார். அப்படிச் சொல்லும்போது நெஞ்சு கொஞ்சம் நிமிரும்.

அப்பேர்ப்பட்ட மனுசனுடைய வீட்டில் தண்ணீர் சுடவில்லை. அம்மா சும்மா இருப்பாரா? குசினியில் பெரிய பானையில் எங்களுக்குக் குளிக்க வார்க்கத் தண்ணீர் கொதிக்க வைத்தபடி, "கிளிநொச்சி முழுக்கக் கறண்ட் குடுத்தவர். வீட்டில ஒரு வாளி சுடுதண்ணிக்கு வழியில்லை" என்று பானைக்குச் சொல்லுவார். பானைக்குச் சொன்னது அப்பாவுக்கும் கேட்கும்.

அப்பா தொட்டியை விடவில்லை. இரவு வேலை முடித்து வந்த கையோடு, நித்திரைக்குப் போகாமல், அலுமாரிக்குள் தலையை விட்டுக்கொண்டு நிற்பார். சூட்டை அளந்து நிறுத்தும் தெர்மோஸ்ற்றாற்றைக் கழற்றித் துடைத்துப் பூட்டினார். பிறகு அதை மாற்றியே விட்டார். அடியில் தண்ணீரைச் சுட வைக்கும் எலிமென்றைக் கழற்றிக் குசினி மேசையில் வைத்துச் சோதித்தார். அதில் ஒரு குறையும் இல்லை. பியூஸ் நல்லது, வயர் நல்லது. விறாந்தையில் போய்ப் பார்த்தால் சுடுதண்ணீர்ச் சுவிட்ச் போட்டபடியே இருக்கிறது. சனிக்கிழமை இரவு விழித்திருந்து பார்த்தார். பதினொரு மணிக்குக் கறண்ட் சொன்னபடி வந்தது, தொட்டி உறுமிக்கொண்டு சுட்டது. டொக்டரைக் கண்டவுடன் காய்ச்சல் விட்டுப்போகும் பிள்ளை மாதிரி அது அவரைப் பேய்க்காட்டியது.

அப்போதுதான் அப்பாவுக்கு அந்த யோசனை வந்தது. ஊரில் மாலையில் எல்லா வீட்டிலும் விளக்குப் போட்டால் பல்புகள் மஞ்சளாகி அழுதுவடியும் அல்லவா? இங்கேயும் அதுதான் நடக்கிறது. வார நாட்களில் டண்டினொங் பக்ரறிகள் எல்லாம் இரவிரவாகக் கறண்டை உறிஞ்சுகின்றன, வீடுகளுக்கு வருவது வெறும் சக்கை. சனி, ஞாயிறு இரவுகளில் பக்ரறி பூட்டு. அதனால் ஞாயிறும் திங்களும் தண்ணீர் கொதிக்கிறது. இரவுக் கறண்டுக்கென்று தனியாக இருந்த மீற்றரின் இலக்கங்களைப் பார்த்தார். வார நாட்களில் அது அசைந்ததே இல்லை என்ற மாதிரித்தான் இருந்தது. எல்லாம் சரியாகப் பொருந்தியது. அம்மாவும் நம்பிவிட்டார். நானும் பள்ளிக்கூடத்தில் போய்ப் பக்ரறிகள் எங்கள் சுடுதண்ணீரைக் குடிக்கின்றன என்று சொன்னேன்.

கட்டம் போட்ட தாளில் நாலு வாரத்து வரைபடம் கீறினார் அப்பா. அந்த மீற்றர் ஓடிய அளவுக்கு நாளுக்கு ஒரு புள்ளி, சிவப்பு மையால் கோடு. அதோடு கறண்ட் கந்தோருக்கு ஒரு கடிதம் எழுதினார். மூன்று தரம் திருத்தி எழுதிய கடிதம் அது. கடைசிப் பந்தியில் தன்னுடைய படிப்பையும் ஊரில் பார்த்த வேலையையும் சொல்லி, இந்தக் குறையைத் திருத்தத் தன் அனுபவம் அவர்களுக்குப் பயன்படுமென்றால் மகிழ்ச்சி என்று முடித்திருந்தார். அம்மாவுக்கு அதைத் தமிழில் வாசித்துக் காட்டினார். "வேலை தாங்கோ எண்டு நேர எழுதுங்கோவன்" என்றார் அம்மா. "அது அழகில்லை. படத்தைப் பாத்தா விளங்குற ஆளுக்கு விளங்கும்" என்றார் அப்பா. அந்தக் கடிதத்தில் அவருடைய உயிரே இருந்தது என்று இப்போது சொல்லுவேன். தபாற்பெட்டிச் சத்தம் கேட்டால் அரை நித்திரையில் எழும்பி வருவார்.

பதில் வந்தது. ஆள் அனுப்புகிறோம் என்று ஒரு வரி.

அந்த ஆள் வருகிற காலை அப்பா படுக்கவில்லை. குளித்து, ஊரிலிருந்து கொண்டுவந்த ரையைக் கழுத்தில் கட்டிக்கொண்டு முன்கதிரையில் இருந்தார். எஞ்சினியர் ஒருவர் வருவார் என்பது அவர் கணக்கு. அம்மா ரொட்டியும் கட்டைச் சம்பலும் செய்து மூடி வைத்திருந்தார். பள்ளிக்கூட விடுமுறை என்பதால் நானும் நின்றேன். வந்தவரோ முழங்கால் வரை இழுத்துவிட்ட மேசும் சப்பாத்தும் அரைக் காற்சட்டையும் போட்ட, கை முழுக்கச் செம்மயிர் மூடிய ஒரு திருத்தவேலைக்காரர். அப்பா முகத்தில் ஒன்றையும் காட்டவில்லை. விறாந்தையில் நின்றபடி வரைபடத்தை விரித்து, பக்ரறி, வோல்ற்றேஜ் என்று விளக்கத் தொடங்கினார்.

அந்த மனிதரை நான் குறை சொல்லமாட்டேன். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கடைசி வரை கேட்டார். பிறகு மீற்றர்ப் பெட்டியைத் திறந்து, சுடுதண்ணீர்ச் சுவிட்சில் விரலை வைத்து, இரவில் இதை யாராவது தொடுவதுண்டா என்று கேட்டார்.

"ஒருவரும் தொடுவதில்லை" என்றார் அப்பா, நல்ல இங்கிலீசில்.

அந்த வீட்டில் அம்மாவை விட எனக்கு இங்கிலீஸ் கூட. அந்தக் கெட்டித்தனத்தைக் காட்ட எனக்கு வேறு நாள் கிடைக்கவில்லை. "அம்மா தொடுவா" என்று முந்திக்கொண்டேன். "அப்பா வேலைக்குப் போனவுடன நிப்பாட்டுவா. விடிய எழும்பிப் போடுவா. அப்பா நிக்கிற நாளில தொடமாட்டா."

நான் அதை ஒளித்து வைத்திருந்தேன் என்று நினைக்க வேண்டாம். ஒவ்வொரு இரவும் அம்மா ரோச் லைற்றோடு விறாந்தைக்குப் போவதைப் பார்த்திருக்கிறேன். கதவு பூட்டுகிற மாதிரி, அடுப்பு அணைக்கிற மாதிரி, அதுவும் வீடு சாத்துகிற வேலை என்று இருந்தேன். என்னிடம் ஒருவரும் கேட்டதில்லை.

அப்பா வரைபடத்தைப் பார்த்தார். வந்தவரும் பார்த்தார். பிறகு மீற்றர்ப் பெட்டியை மெல்லச் சாத்தினார். "படம் நல்லாய்க் கீறியிருக்கிறீர்" என்று அப்பாவின் தோளில் தட்டிவிட்டுத் தன் வாகனத்துக்குப் போனார். அதற்குப் பதில் அவர் சிரித்திருக்கலாம். சிரித்திருந்தால் அப்பாவுக்குக் கோபப்படவாவது ஒரு ஆள் இருந்திருக்கும்.

குசினியில் அம்மா மூடிய தட்டை இன்னும் திறக்கவில்லை. நான் கதவோடு நின்றேன். இன்றைக்கு அம்மாவுக்கு நல்ல ஏச்சு விழப்போகிறது, என்னால்தான், என்று நினைத்தேன்.

"நீர் ஏன் நிப்பாட்டினனீர்?" என்று கேட்டார் அப்பா. சத்தம் போடவில்லை.

"ராவில அது உறுமுது."

"தொட்டிக்கு அடியில கிடக்கிற ஊத்தை கொதிக்கிற சத்தம் அது. அதுக்குப் போய்ப் பயப்பிடுறதே?"

"அதுக்கு ஆர் பயந்தது? அது உறுமத் தொடங்கினா வேற ஒண்டும் காதில விழாது. கேற்றை ஆர் திறந்தாலும் தெரியாது, பின்கதவடியில ஆர் வந்தாலும் தெரியாது. ரெண்டு பொம்பிளைப் பிள்ளையளை வைச்சுக்கொண்டு நான் என்ன செய்யிறது? பகல்ல சுவிட்சைப் போட்டா பகல்ல சுடும்தானே எண்டு நினைச்சன்."

அப்பா ரை முடிச்சை இளக்கினார்.

"அப்ப நீர் படுக்கிறேல்லையோ?"

"நீங்கள் நிக்கிற ராவில படுப்பன்தானே" என்றார் அம்மா. சொல்லிவிட்டு ரொட்டித் தட்டைத் திறந்து அவர் முன்னால் வைத்தார்.

ஏச்சு விழவில்லை. எனக்கு அதுவே போதுமாக இருந்தது. இரண்டு ரொட்டி வாங்கிக்கொண்டு தங்கச்சியோடு விளையாடப் போய்விட்டேன்.

அடுத்த வாரம் அப்பா பகல் வேலைக்கு மாறினார். கறண்ட் வேலை இரவில்தான் இருந்தது. பகலில் பேணிகளை அடுக்கிப் பெட்டி கட்டத்தான் ஆள் வேண்டுமாம். அம்மா வேண்டாம் என்று இரண்டு நாள் சண்டை பிடித்தார். "பெட்டி கட்டினா கை தேயுமோ" என்று அப்பா சிரித்தார். தன்னுடைய ஸ்குறூ டிரைவர்களைத் துணியில் சுற்றி அலுமாரி மேல்தட்டில் வைத்தார். நான் அதை வேறு விதமாக விளங்கிக்கொண்டேன். சுவிட்ச் கதையை அந்தச் செம்மயிர் மனிதர் பக்ரறிக்குச் சொல்லிவிட்டார், எஞ்சினியருக்கு இதுகூடத் தெரியாதா என்று அப்பாவைப் பெட்டி கட்டப் போட்டுவிட்டார்கள். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்க வேண்டும். ஒரு கிழமை அப்பாவின் முகத்தைப் பார்க்கவே எனக்கு வெட்கமாக இருந்தது.

பகல் வேலை தொடங்கி இரண்டாவது நாள், செவ்வாய்க்கிழமை. தொட்டி இரவு முழுவதும் சுவருக்குப் பின்னால் உறுமியிருக்கிறது. அப்பா ஆறு மணிக்கே போய்விட்டார். நான் எழும்பிக் குழாயைத் திறந்தேன், ஆவி பறக்கத் தண்ணீர் வந்தது. மணி எட்டரை தாண்டிவிட்டது. பள்ளிக்கூட மணி அடிக்க இருபது நிமிடம் இல்லை. என் தலை பின்னவில்லை, சாப்பாடு கட்டவில்லை, அம்மா போர்வையை மூக்கு வரை இழுத்துக்கொண்டு நித்திரை. தங்கச்சி அவர் மேல் ஏறி இருந்து பொம்மையோடு விளையாடிக்கொண்டிருக்கிறாள், அதற்கும் அசையவில்லை. ஒரு நாளும் அம்மா அப்படிக் கிடந்து நான் பார்த்ததில்லை. சீப்பையும் ரிபனையும் பிடித்தபடி கட்டிலடியில் நின்றேன். வீட்டில் சும்மா இருக்கிற மனுசிக்கு இவ்வளவு நித்திரை எங்கேயிருந்து வருகிறது என்று எனக்குச் சரியான கோபம். போர்வையைப் பிடித்து இழுத்து, உலுக்கி, எழுப்பிவிட்டேன்.