ஹேண்டில் நுழைந்தது, முழங்கால்?

டிராஃபிக்கில் சந்து கண்டுபிடித்து நுழைவதில் நான் கில்லாடி. இது என் சொந்த அபிப்பிராயம்தான்.

போன மாதம் தாராவியிலிருந்து செம்பூருக்கு மனைவி செல்வியைப் பைக்கில் அழைத்துப் போனேன். சேலை கட்டியிருந்ததால் இரண்டு காலையும் இடப்பக்கம் போட்டு உட்கார்ந்திருந்தாள். சுனாபட்டி சிக்னலில் பஸ்ஸுக்கும் டிவைடருக்கும் நடுவே ஹேண்டில் நுழையும் அளவு இடம் தெரிந்தது. நுழைந்துவிட்டேன். பாதியில் பச்சை விழ, பஸ் எங்கள் பக்கம் நெருங்கியது. தகரம் அவள் முழங்காலை உரசியது. பதற்றத்தில் பிரேக் பிடிப்பதற்குப் பதில் ஹார்ன் அடித்தேன்! செல்விதான் பஸ்ஸை ஓங்கி அறைந்து, "ரோக்கோ! ரோக்கோ!" என்று கத்தினாள்.

பஸ் நின்றது. சேலை கிழிந்ததோடு போயிற்று.

"ஹேண்டில் போவுமான்னு பாத்திய, சரி. எம் முட்டு போவுமான்னு பாத்தியளா?" என்றாள்.

இப்போது அவள் ஏறினால், பஸ்ஸுக்குப் பின்னாலேயே நிற்கிறேன். பின்னால் வருபவர்கள் திட்டுகிறார்கள். திட்டட்டும். அவர்கள் பின்சீட்டில் செல்வி இல்லை.