ஸ்பாஞ்ச் வைக்காத தெரு

மின்விசிறி செய்யும் கம்பெனியில் அவளுக்கு 'ஸ்பாஞ்ச் அக்கா' என்று பெயர். விசிறியைச் செய்வதற்கு முன்பே அது எவ்வளவு இரையும் என்று கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டுச் சொல்வது அவள் வேலை. ஒரு பெட்டி அளவு காற்றைக் குட்டிக் குட்டிக் கட்டங்களாக வெட்டி, ஒவ்வொன்றிலும் அழுத்தம் எப்படி ஏறி இறங்குகிறது என்று பார்க்க வேண்டும். பெட்டியின் ஓரமெல்லாம் சத்தத்தை உறிஞ்ச ஒரு பட்டை வைப்பார்கள். அதுதான் ஸ்பாஞ்ச். வைக்காவிட்டால், போன சத்தம் முட்டித் திரும்பி வந்து கணக்கையே குட்டிச்சுவராக்கிவிடும். புதிதாக வந்தவர்கள் யாராவது அதை மறந்தால் தொலைந்தார்கள்.

"ஸ்பாஞ்ச் எங்க? போன சத்தம் போனதா இருக்கணும், திரும்பி வரக் கூடாது!" என்று வறுத்தெடுத்துவிடுவாள்.

கணவர் தவறி இரண்டு வருடம் ஆகிறது. வேலை முடிந்து வரும்போது தெருவில் நின்று, பேனா மூடியை உதட்டில் வைத்து ஒரு ஊது ஊதுவார். "சாவி எதுக்கு இருக்காம்?" என்று திட்டிக்கொண்டே அவள் போய்க் கதவைத் திறப்பாள். திறக்காத நாளே கிடையாது. மூடி இப்போது அவளிடம் இருக்கிறது. அவள் ஊதினால் வெறும் காற்றுதான் வருகிறது. அந்தச் சத்தத்தை இன்னும் ஒரே ஒரு தடவை கேட்டுவிட வேண்டும் என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

மூடியை அளந்து கம்ப்யூட்டரில் ஏற்றினாள். அதன்மேல் காற்றை ஊதவிட்டாள். விடுமுறை முழுக்கக் கணக்கு ஓடியது. முடிந்ததும் மகளைப் பக்கத்தில் உட்காரவைத்துப் போட்டுக் காட்டினாள். சுருதி துளியும் பிசகவில்லை. ஆனால் ஆஸ்பத்திரி மெஷின் கூவுவது போலிருந்தது.

"இது அப்பா இல்லம்மா," என்றாள் மகள், தயங்கித் தயங்கி.

"தெரியுதுடி. எல்லாம் சரியாத்தான வச்சேன்?"

"அவரு தெருவுல நின்னுல்ல ஊதுவாரு? எதிர் வீட்டுச் சுவத்துல பட்டு ரெண்டு ரெண்டாக் கேக்குமே."

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. கைப்பழக்கத்தில் சுற்றிலும் ஸ்பாஞ்ச் வைத்து, தெருவையே அல்லவா விழுங்க விட்டிருக்கிறாள்!

இரண்டு பக்கமும் பட்டையைப் பிடுங்கிவிட்டு, எதிர் வீட்டுச் சுவரையும் தங்கள் வீட்டுச் சுவரையும் வைத்தாள். வானத்துக்கும் தெருமுனைகளுக்கும் மட்டும் ஸ்பாஞ்சை விட்டுவைத்தாள். மறுபடி ஓடவிட்டாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் மகள் அதைப் போட்டாள். ஊதல் வந்தது. சுவரில் பட்டு மறுபடியும் வந்தது.

"சாவி எதுக்கு இருக்காம்?" என்று எழுந்து போனவளுக்கு, கதவைத் திறந்த பிறகுதான் உறைத்தது. வெளியே தெரு காலியாகக் கிடந்தது.

மகள் பின்னால் வந்து நின்றாள். "கதவைச் சாத்திடவாம்மா?"

"இருக்கட்டும்டி. இன்னொரு தடவை போடு."