ஐந்து கட்டைக்கு ஒரு நூல் மேலே

என் கணவரின் தம்பி வெளிநாட்டிலிருந்து ஒரு கறுப்புப் பெட்டி கொண்டுவந்தார். சிடியில் எண்களாகக் கிடக்கும் பாட்டை அது மறுபடி பாட்டாக மாற்றுமாம். மயிலாப்பூரில் எங்கள் போர்ஷன் ஒரு ஹாலும் ஒரு சமையலறையும்தான். பெட்டி ஹாலில் உட்கார்ந்தது. அன்றிலிருந்து ஸ்பீக்கரில் ‘உம்ம்’ என்று ஓர் இரைச்சல்.

பெட்டி நல்ல ஜாதி, அதற்குக் கரண்ட் கொடுக்கிற பவர் சப்ளைதான் மட்டம் என்று கணவர் தீர்ப்புச் சொன்னார். ஈக்காட்டுத்தாங்கலில் மோட்டாருக்குக் காயில் சுற்றுகிற பட்டறையில் அவர் சூப்பர்வைசர். கரண்ட் விஷயத்தில் வீட்டில் அப்பீல் கிடையாது. சனிக்கிழமை தவறாமல் ரிச்சி தெருவுக்குப் போய், ஊறுகாய் ஜாடி மாதிரி கெபாசிட்டர்களோடு திரும்புவார். மாற்ற மாற்ற இரைச்சல் கூடியது. கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதைதான்.

அந்த ஆடியில், தெருக்கோடி அம்மன் கோயிலில் நவராத்திரிக்கு அரை மணி நேரம் பாட முடியுமா என்று என்னைக் கேட்டார்கள். சொல்கிறேன் என்றேன். கல்யாணத்துக்குப் பிறகு நான் பாடவே இல்லை. குரல் இருக்கிறதா, போய்விட்டதா என்று எனக்கே தெரியாது. பயமாக இருந்தது. வீட்டில் சொல்லவில்லை.

பரண்மேல் இருந்த எலெக்ட்ரானிக் சுருதிப் பெட்டியை இறக்கினேன். சத்தமே வரவில்லை. திறந்து பார்த்தால் உள்ளே டிரான்ஸ்ஃபார்மரைக் காணோம்.

“பெட்டியில எண்ணைப் படிக்கற பாகத்துக்குத் தனியா ஒரு டிரான்ஸ்ஃபார்மர் வேண்டியிருந்தது. சும்மாதானே கிடந்துது” என்றார் கணவர்.

சமையலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். ஹாலிலிருந்து ‘உம்ம்’ வந்துகொண்டிருந்தது. ஐந்து கட்டைக்கு ஒரு நூல் மேலே. எனக்கு வாகான சுருதி. சாம்பாரைக் கிளறியபடி ஷட்ஜத்தைப் பிடித்தேன். சேர்ந்தது.

அதன் பிறகு தினமும் சாயங்காலம் அவர் ஹாலில் பெட்டியைப் போட்டுக் குடைவார், நான் உள்ளே பாடுவேன். முதலில் வரிசைகள், அப்புறம் வர்ணம், அப்புறம் கீர்த்தனை. மேல் ஸ்தாயியில் மட்டும் குரல் கொஞ்சம் பிசிறடித்தது. கோயிலில் இரண்டு தடவை ஆள் அனுப்பிக் கேட்டார்கள். இன்னும் சொல்கிறேன் என்றே சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஆவணி பாதியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் என்னைக் கூப்பிட்டார். முகமெல்லாம் பல்.

“கேளு. ஏதாவது கேக்கறதா?”

ஒன்றும் கேட்கவில்லை. வீடே காலியானதுபோல் இருந்தது.

“இனிமே நான் எதை வெச்சுண்டு பாடறது?” என்றேன். வாய் தவறித்தான் வந்துவிட்டது.

“பாடறதா? யாரு?”

“நான்தான். சமையல் உள்ளுல, தினமும்.”

அவர் கையில் இருந்த ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தார்.

“அது பக்கத்தாத்து ரேடியோ இல்லையா? நான் போய் அந்த மாமாகிட்ட சத்தத்தைக் குறைக்கச் சொல்லிட்டு வந்தேனே! அவரும் பாவம், குறைக்கறேன்னார்.”

ஒற்றைக் கதவுக்கு அந்தப் பக்கம், மாதக்கணக்காக இரைச்சலைத் தேடிப் பிடித்த காது; அதற்கு என் குரல் தெரியவில்லை. எனக்குக் கோபத்தில் அழுகையே வந்துவிட்டது. முகத்தைக் கழுவிக்கொண்டிருக்கும்போதுதான் உறைத்தது: ரேடியோக் கச்சேரி என்றல்லவா நினைத்திருக்கிறார்.

புடவையை மாற்றிக்கொண்டு கோயிலுக்குப் போய், பாடுகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.